தாலுகா ஆபீஸ் அமைதிக் கூட்டமும் ஐ.நா. தீர்மானம் 1325-உம்: மதுரைப் பக்கத்துப் பெண்கள் கேட்ட கேள்விகள்

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து ஊர்களில் சுய உதவிக் குழுப் பெண்களுக்கும் பெண் வார்டு உறுப்பினர்களுக்கும் பயிற்சி நடத்தும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். பதில்களில் சட்டம் எங்கே முடிகிறது, என் கருத்து எங்கே தொடங்குகிறது என்பதை முடிந்தவரை பிரித்தே சொல்லியிருக்கிறேன்.

1325-ன்னா என்னக்கா? ஹெல்ப்லைன் நம்பரா?

இல்லை, ஒரு தீர்மானத்தின் எண். ஐ.நா. பாதுகாப்பு அவை 2000 அக்டோபர் 31 அன்று ஒருமனதாக நிறைவேற்றியது. அந்த மாதம் அவைக்குத் தலைமை வகித்த நாடு நமீபியா. அதே ஆண்டு மார்ச்சில் பங்களாதேஷ் தலைமையில் இருந்தபோது, அந்நாட்டுத் தூதர் அன்வருல் சௌத்ரி மகளிர் தினத்தன்று இந்தப் பேச்சை அவையில் தொடங்கிவைத்தார். பின்னாலிருந்து விடாமல் நெருக்கியவர்கள் பல நாட்டுப் பெண்கள் அமைப்பினர்.

அதுவரை போரைப் பற்றிய பேச்சில் பெண் வந்தால், பாதிக்கப்பட்டவளாக மட்டுமே வருவாள். சமாதானம் பேச உட்கார வேண்டியவளும் அவள்தான் என்று பாதுகாப்பு அவை தன் தீர்மானமாக எழுதியது இதில்தான். நான்கு விஷயங்களை அது பேசுகிறது: பேச்சுவார்த்தையில் பங்கு, உடலுக்கும் உயிருக்கும் பாதுகாப்பு, சண்டை மூளுமுன் தடுப்பது, மூண்டபின் நிவாரணமும் மறுவாழ்வும். பிறகு 2008-இல் வந்த 1820, பாலியல் வன்முறை போர்த் தந்திரமாகவே பயன்படுத்தப்படுகிறது என்று வெளிப்படையாகச் சொன்னது. 2019 வரை இந்த வரிசையில் மொத்தம் 10 தீர்மானங்கள்.

நம்ம நாடு இதுல கையெழுத்துப் போட்டிருக்கா?

பாதுகாப்பு அவைத் தீர்மானத்துக்கு ஒவ்வொரு நாடும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. உறுப்பு நாடு என்ற முறையிலேயே மதித்து நடக்கும் பொறுப்பு உண்டு. ஆனால் நடக்காத நாட்டைத் தண்டிக்க இதில் வழியில்லை. அதனால் நாடுகள் தாங்களாகவே 'தேசியச் செயல்திட்டம்' ஒன்றை எழுதிக்கொள்ள வேண்டும் என்ற முறை வந்தது. முதலில் எழுதியது டென்மார்க், 2005-இல். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிடம் இருக்கிறது. நம் பக்கத்தில் நேபாளம் 2011-இலும், பங்களாதேஷ் 2019-இலும், இலங்கை 2023-இலும் கொண்டுவந்தன.

இந்தியாவிடம் இல்லை. ஆனால் 2007-இல் முழுக்கப் பெண்களே கொண்ட காவல் பிரிவை லைபீரியாவுக்கு அனுப்பியது இந்தியா. ஐ.நா. அமைதிப் பணிக்கு அப்படி ஒரு பிரிவு போனது உலகிலேயே அதுதான் முதல்முறை. 2016 வரை அங்கே சுழற்சி முறையில் பணியாற்றினார்கள். கடல் தாண்டிப் போய் அடுத்த நாட்டுத் தெருவில் அமைதி காக்க நம் பெண்களால் முடிந்திருக்கிறது. ஊர்ச் சண்டைக்குப் பின் நம் தாலுகா ஆபீஸில் நடக்கும் அமைதிப் பேச்சில் உட்கார ஏன் முடியாது என்பதே என் கேள்வி.

இங்க என்ன போரா நடக்குது? ஜாதிச் சண்டைக்கும் ஐ.நா.வுக்கும் என்ன சம்பந்தம்?

நியாயமான கேள்வி. இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். 1325 பேசுவது ஆயுத மோதலைப் பற்றி. மதுரை மாவட்டத்து ஊர்ப் பிரச்சினைகளை அந்தச் சொல்லுக்குள் எந்தச் சட்ட வல்லுநரும் அடக்கமாட்டார். "1325-இன்படி எங்களை உட்கார வையுங்கள்" என்று தாசில்தாரிடம் மனுக் கொடுத்தால் அது சட்டப்படி நிற்காது.

நான் கடன் வாங்குவது அதன் அளவுகோலை மட்டும்தான். உத்தப்புரத்தை நினைத்துப் பாருங்கள். 1980-களின் இறுதியில் மூண்ட கலவரத்துக்குப் பிறகு எழுந்த சுவர், 2008 மே 6 அன்று ஒரு பகுதி இடிக்கப்படும்வரை தலித் தெரு, மற்றச் சாதியார் தெரு என்று ஊரை இரண்டாக வகுந்து நின்றது. அத்தனை ஆண்டுகளும் 'ஊர் அமைதியாக இருக்கிறது' என்றுதான் காகிதத்தில் இருந்திருக்கும். சண்டை ஓய்ந்ததையே அமைதி என்று கணக்கெழுதினால் சுவரும் அமைதிதான். தண்ணீர் எடுக்கப் போகிறவளும் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்புகிறவளும் பயமில்லாமல் நடமாட முடிகிறதா என்று கேட்டால் கணக்கு மாறும். அந்தக் கேள்வியை உலக அளவில் கேட்கக் கற்றுக்கொடுத்தது 1325. அதை நம் ஊரில் கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

பீஸ் கமிட்டியில பொம்பளைங்க உக்காந்தா அப்படி என்ன மாறிடும்?

நான் கண்ணால் பார்த்ததையே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், மேலூர்ப் பக்கம் ஓர் ஊர். முளைப்பாரி ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது என்பதில் தகராறு. கல்வீச்சு, இரண்டு டூ-வீலர் எரிப்பு. மூன்றாம் நாள் தாலுகா ஆபீஸில் அமைதிப் பேச்சுவார்த்தை. தரப்புக்கு ஏழு பேர், போலீஸ், வருவாய்த்துறை. ஒருவர்கூடப் பெண் இல்லை. இரண்டு தெருப் பெண்களும் வந்திருந்தார்கள், வராந்தாவில். நானும் அவர்களோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே இரண்டு மணி நேரம் பேசி எழுதியது ஊர்வலப் பாதை, மேளம் எங்கே நிறுத்துவது, முதல் மரியாதை, ஃபிளெக்ஸ் வைப்பது, வழக்கு வாபஸ். வெளியே வராந்தாவில் பெண்கள் பேசிக்கொண்டிருந்தது வேறு. குடிதண்ணீர்க் குழாய் ஒரு தெருவில் இருக்கிறது, பஸ் நிறுத்தம் மற்றத் தெருவில் இருக்கிறது. நாளைக் காலை குடத்தோடு போனால் என்ன சொல்வார்கள், பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளைகள் அந்த டீக்கடையைத் தாண்டிப் போகும்போது யார் நிற்பார்கள்? ஒப்பந்தத்தில் குழாய் பற்றியும் பஸ் நிறுத்தம் பற்றியும் ஒரு வரி இல்லை. எழுதியவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களில் யாரும் தினமும் குடம் தூக்கி அந்தத் தெருவைத் தாண்டுகிறவர் இல்லை, அவ்வளவுதான். மூன்று வாரம் கழித்து அடுத்த சண்டை தொடங்கியது எங்கே தெரியுமா? குழாயடியில்.

உலகக் கணக்கும் இதே கதைதான். 1992 முதல் 2019 வரை நடந்த பெரிய சமாதானப் பேச்சுகளில் பேச உட்கார்ந்தவர்களில் பெண்கள் 100-க்கு 13 பேர். நடுவர்களாக இருந்தவர்களில் 6, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் 6. வாய்ப்புக் கிடைத்த இடத்தில் சாதித்தவர்கள் உண்டு. பிலிப்பைன்ஸில் மிந்தனாவோ பகுதிக்கான 2014 ஒப்பந்தத்தில் அரசுத் தரப்பின் தலைமைப் பேச்சாளராகக் கையெழுத்திட்டவர் மிரியம் கோரனெல்-ஃபெரர் என்ற பேராசிரியை. லைபீரியாவின் லெய்மா போவீயும் அவரோடு வெள்ளை உடுத்தித் திரண்ட பெண்களும் 2003-இல் பேச்சு நடந்த மண்டபத்தின் வாசலையே மறித்து உட்கார்ந்து, உடன்பாடு வராமல் வெளியே விடமாட்டோம் என்றார்கள். 2011-இல் போவீக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

பொம்பளைன்னா அமைதின்னு சொல்றது சரியா? எங்க தெருவிலேயே கல்லெடுத்துக் குடுத்தது பொம்பளைங்கதானே.

சரிதான். பெண்களுக்குள்ளும் ஜாதி இருக்கிறது, வன்மம் இருக்கிறது. மகனை உசுப்பிவிடும் தாயையும் பார்த்திருக்கிறேன். பெண்கள் நல்லவர்கள் என்பதால் இடம் கேட்கவில்லை. அவர்கள் தெரிந்து வைத்திருப்பது வேறு. அது உள்ளே போக வேண்டும் என்பதால் கேட்கிறோம். அதனால்தான் 'பெண் பிரதிநிதி ஒருவர்' என்று எழுதினால் நான் ஒப்புவதில்லை. ஒருவர் என்றால் ஒரு தெருவின் குரல்தான் வரும். இரு தரப்பிலிருந்தும், ஒவ்வொரு தரப்பிலும் இருவராவது வர வேண்டும்.

உள்ளாட்சியில பாதி இடம் பொம்பளைங்களுக்குத்தானே? அப்புறம் என்ன குறை?

தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் 50 சதவீத இடஒதுக்கீட்டுக்கு 2016-இல் சட்டம் வந்தது. 2019 ஊரகத் தேர்தலிலும் 2022 நகர்ப்புறத் தேர்தலிலும் நடைமுறைக்கும் வந்தது. பெரிய விஷயம்தான். ஆனால் நாற்காலி கிடைப்பதும் அதில் உயிரோடு உட்கார்ந்திருக்க முடிவதும் ஒன்றல்ல. இதை மதுரைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வில்லாபுரத்தில் மாநகராட்சிக் கவுன்சிலராக இருந்த லீலாவதி, தன் வார்டு மக்களுக்குக் குழாய்த் தண்ணீர் கிடைக்கப் போராடியவர். 1997 ஏப்ரல் 23 அன்று, தேர்ந்தெடுக்கப்பட்டு ஓராண்டு முடிவதற்குள், பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். இரண்டே மாதத்தில், ஜூன் 30 அன்று, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்த பலரும் கொல்லப்பட்டார்கள். தனித் தொகுதியில் ஒரு தலித் தலைவராக வந்ததுதான் காரணம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலித்துக்கு ஒதுக்கிய தலைவர் பதவிக்கு 1996-இல் தொடங்கிய முட்டுக்கட்டை நீங்கி முறையாகத் தலைவர்கள் பொறுப்பேற்க 2006 அக்டோபர் வரை பத்து ஆண்டுகள் ஆயின.

1325 'பங்கு' என்பதையும் 'பாதுகாப்பு' என்பதையும் சேர்த்தே சொல்வது இதனால்தான். பெண்ணை உறுப்பினராக்கிவிட்டு, மிரட்டல் வந்தால் "நீங்கதான் பார்த்துப் போகணும்மா" என்று ஸ்டேஷனில் சொல்லி அனுப்பினால் அது பங்கு ஆகாது. கூட்டத்தில் கையெழுத்துப் போட மட்டும் அவர், பேசுவதெல்லாம் வீட்டுக்காரர் என்றாலும் ஆகாது. பயிற்சிக்கு வரும் உறுப்பினர்களிடம் நான் முதலில் சொல்வது, மிரட்டல் வந்தால் அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள் என்பதுதான். வாய்வார்த்தையாகச் சொன்னது பிறகு எங்கேயும் இருக்காது.

இலங்கைப் பேச்சுவார்த்தையில தமிழ்ப் பெண்கள் இருந்தாங்களா?

இருந்தார்கள், ஓரமாக. நார்வே நடுவில் நின்ற அந்தப் பேச்சுகளில், 2002 இறுதியில் பெண்கள் பிரச்சினைகளுக்கென ஒரு துணைக்குழு அமைக்க முடிவானது. அரசுத் தரப்பில் ஐந்து பெண்கள், புலிகள் தரப்பில் ஐந்து பெண்கள். 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடினார்கள். எதிரெதிர்த் தரப்புப் பெண்கள் ஒரே அறையில் உட்கார்ந்து, இடம்பெயர்ந்தோர், பாதுகாப்பு, வருமானம் என்று பொதுவாகப் பேச வேண்டியவற்றைப் பட்டியலிட்டார்கள். அடுத்த மாதமே புலிகள் பேச்சிலிருந்து விலகிக்கொள்ள, துணைக்குழுவும் அதோடு போயிற்று.

முதன்மைப் பேச்சு முறிந்தால் தனியாக நிற்க வலுவில்லாத இடத்தில் அந்தப் பெண்களை வைத்திருந்தார்கள். 'மகளிர் துணைக்குழு' என்று யாராவது ஆசை காட்டினால் எனக்கு இந்த ஞாபகம்தான் வரும். போர் முடிந்து எட்டு ஆண்டுக்குப் பிறகு, 2017 பிப்ரவரியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு அதே கிளிநொச்சியில் தெருவோரம் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்களும் தாய்மார்தான். அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லாத எந்தச் செயல்திட்டமும், கொழும்பு எழுதியதே ஆனாலும், எனக்கு முழுமையாகத் தெரியவில்லை.

நான் முகாம்ல பிறந்தவ. எனக்கு இதுல என்ன இருக்கு?

ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் இலங்கைத் தமிழர் முகாம்களில் இந்தக் கேள்வி வரும்போது என் குரல் தணிந்துவிடும். ஏனென்றால் 1325-இன் வரிகள் நேரடியாகப் பொருந்துவது இவர்களுக்குத்தான். அகதி முகாம்களை அமைக்கும்போதே, அவற்றின் வடிவமைப்பிலேயே, பெண்கள், சிறுமிகளின் தேவைகளைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று தீர்மானத்தின் 12-ஆம் பத்தி சொல்கிறது. பத்துக்குப் பத்து அறையில் பெற்றோர், வயசுக்கு வந்த பெண், கல்யாணமான அண்ணன் என்று ஒரு தலைமுறையே வளர்ந்ததை அந்த வரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. அதனால் முகாமில் கிடைப்பது மாநில அரசின் ஆணைகளைச் சார்ந்தது. 2021-இல் தமிழ்நாடு அரசு 7,469 வீடுகள் கட்டித்தர அறிவித்தது. முகாம்களின் பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பணக்கொடையைக் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று உயர்த்தியது. நல்ல மாற்றங்கள். புது வீடு வரும்போது கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: கழிப்பறை வீட்டோடு இருக்கிறதா, போகிற வழியில் விளக்கு எரிகிறதா, வீடு யார் பெயரில் ஒதுக்கப்படுகிறது, புருஷன் குடித்துவிட்டு அடித்தால் முகாமுக்குள்ளேயே புகார் வாங்க யார் இருக்கிறார்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005, குடியுரிமை இல்லை என்று முகாம் பெண்ணைத் தள்ளிவைக்கவில்லை. அதன்படி மனுச் செய்ய உங்களுக்கும் உரிமை உண்டு.

சர்வதேச வாக்குறுதி நம்ம கோர்ட்டுல செல்லுமா?

ஒரு முறை நன்றாகவே செல்லுபடியாகியிருக்கிறது. பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாகுபாட்டையும் ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1993-இல் ஏற்றது. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன ஊழியர் பன்வாரி தேவிக்கு நடந்த கொடுமையைத் தொடர்ந்து வந்த விசாகா வழக்கில், வேலையிடப் பாலியல் தொல்லைக்குச் சட்டமே இல்லாதபோது, அந்த உடன்படிக்கையை ஆதாரமாகக் காட்டி உச்ச நீதிமன்றம் 1997 ஆகஸ்டில் நெறிமுறைகளை வகுத்தது. அதிலிருந்து 2013-இல் சட்டம் பிறந்தது.

அந்த உடன்படிக்கையின் குழு, மோதல் சூழலில் பெண்களின் உரிமை பற்றி 2013-இல் 30-ஆம் பொதுப் பரிந்துரையை வெளியிட்டு, 1325-ஐயும் தன் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. அதாவது 1325-க்கு நேரே வாசல் இல்லாவிட்டாலும் இந்தப் பக்கவாசல் இருக்கிறது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வாதாடும் இளம் வழக்குரைஞர்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

கலவரத்துக்கு அப்புறம் ஆம்பளைங்க ஊரைவிட்டு ஓடிடுறாங்க. ராத்திரி போலீஸ் வந்தா நாங்க என்ன செய்ய?

சூரியன் மறைந்தபின், உதிக்கும் முன் பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்பதே பொது விதி. தவிர்க்க முடியாத சூழலில் பெண் காவல் அதிகாரி எழுத்தில் அறிக்கை கொடுத்து மாஜிஸ்ட்ரேட்டின் முன் அனுமதி பெற வேண்டும் (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 43). இதை மீறியதாலேயே கைது செல்லாமல் போய்விடாது என்றும், ஆனால் அதிகாரி காரணம் சொல்லியாக வேண்டும் என்றும் 2025-இல் மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. சாட்சி விசாரணைக்குப் பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச்சொல்ல முடியாது. அவள் இருக்கும் இடத்துக்குத்தான் வர வேண்டும் (பிரிவு 179). "வீட்டுக்காரர் எங்கே, அதுவரை நீ வா" என்று கூட்டிப்போவதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. வந்தவர்களின் பெயர், நேரம், வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிவாரணம் வரும்போது எங்க பேரு ஏன் வர்றதில்ல?

எதை இழப்பு என்று எண்ணுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நேபாளத்தில் போருக்குப் பின் கொடுத்த இடைக்கால நிவாரணத்தில் கொல்லப்பட்டவர், காணாமல் போனவர், ஊனமானவர் குடும்பங்கள் வந்தன. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் பட்டியலிலேயே இல்லை. செயல்திட்டம் எழுதிய நாட்டிலேயே இந்த நிலை. நம் ஊரில் எரிந்த வீட்டுக்கும் வண்டிக்கும் ஆவணம் ஆண் பெயரில் இருக்கும். செத்த ஆடு, உடைந்த தையல் மெஷின், குழுக் கடனில் வாங்கி நாசமான சரக்கு ஆகியவற்றுக்குக் காகிதம் இருக்காது. மதிப்பீட்டுக்கு வரும் வி.ஏ.ஓ.விடம் இவற்றைத் தனியாக எழுதிக் கொடுங்கள். குழுவின் வரவுசெலவு நோட்டு நல்ல சாட்சி. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கு என்றால் உடனடி நிவாரணம் 7 நாளுக்குள் என்று விதி இருக்கிறது, கேட்கத் தயங்காதீர்கள்.

சரி, நாங்க எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

கிராம சபையிலிருந்து. ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊர் நன்றாக இருக்கும்போதே தீர்மானம் போட வேண்டும். கல் பறக்கும்போது யாரும் தீர்மானம் படிக்கமாட்டார்கள். நாங்கள் பயன்படுத்தும் வாசகம் இது, மாற்றிக்கொள்ளலாம்:

"எங்கள் ஊராட்சியில் பிரச்சினை ஏற்பட்டு நடத்தப்படும் எந்த அமைதிப் பேச்சுவார்த்தையிலும் ஒவ்வொரு தரப்பிலும் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இடம்பெற வேண்டும் என்றும், அவர்களை மகளிர் குழுக்களே தேர்ந்தெடுக்கும் என்றும், எழுதப்படும் உடன்பாட்டில் குடிநீர், பள்ளி, பேருந்து, ரேஷன் கடைக்குச் செல்லும் வழி ஆகியவை பற்றி இடம்பெற வேண்டும் என்றும், உடன்பாட்டின் நகல் எல்லாத் தெருவிலும் படித்துக் காட்டப்பட வேண்டும் என்றும் இக்கிராம சபை தீர்மானிக்கிறது."

இது தாசில்தாரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பதிவேட்டில் ஏறிய தீர்மானத்தின் நகலோடு திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தால், அது ஊரே கேட்டதாக ஆகும்.

இதுக்கெல்லாம் செலவு?

தீர்மானத்துக்குச் செலவில்லை. வழக்குக்குப் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், தொலைபேசி 15100. அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

முதல் தடவையா தாலுகா ஆபீஸ் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க. பயமா இருக்கு. என்ன கொண்டு போறது?

தனியாகப் போகாதீர்கள், குழுவில் இன்னொருவரைக் கூட்டிப் போங்கள். முந்தின நாள் சாயங்காலம் தெருவில் பத்துப் பெண்களிடமாவது கேட்டு, நாளைக் காலையில் நடக்க வேண்டிய மூன்று காரியங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் எதிர்த்தரப்புத் தெருவில் உங்களுக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கும் போன் போட்டு அவர்கள் தாளில் என்ன என்று கேளுங்கள். பாதிக்கு மேல் ஒன்றாகவே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். வராந்தாவில் உட்காரச் சொன்னால், "எங்க பேரும் லிஸ்ட்ல இருக்கு சார்" என்று சொல்லி உள்ளே போய் உட்காருங்கள். எழுதியதை முழுக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். குழாய் பற்றிய வரி வரும்வரை பேனாவை எடுக்காதீர்கள்.